நாலாவது சலவைக்காரி

ஆன்செல்ம்: ...“மாடு ஒன்று. நிறம் பழுப்பு. முகம் இடப்பக்கம் நோக்கியவாறு, அசைவற்ற நிலையில். பின்னால் மேலும் இரண்டு மாடுகள். அவற்றுள் ஒன்று பாதியளவே காணப்படுகிறது.”

ரெஜீன்: மீதிப் பாதி என்ன ஆச்சு?

ஆன்செல்ம்: வெளிய போயிருச்சு மதாம்.

ரெஜீன்: விபத்தா?

ஆன்செல்ம்: இல்ல இல்ல. படம் அந்த இடத்துல முடிஞ்சிருது.

பெர்னாதெத்: மதாம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. முசியே ஆன்செல்ம் இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில, இடிபட்ட காரைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினவர். கம்பெனியை மூடிட்டாங்க. எங்க டைரக்டர், கண்ணு தெரியாதவங்களுக்குப் படத்தை விவரமா எழுதித்தர ஓர் ஆள் வேணும்னு விளம்பரம் கொடுத்தாரு. இவரைவிட விவரமா எழுதறவர் இந்த ஜில்லாவுலயே கிடையாது.

ஆன்செல்ம்: நன்றி.

பெர்னாதெத்: பாராட்டல.

ரெஜீன்: நீங்க யாரு? வாசல்ல என் கோட்டை வாங்கி மாட்டினீங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து நாற்காலியில உக்கார வச்சீங்க. பேரை மட்டும் சொல்லல.

பெர்னாதெத்: பெர்னாதெத். இந்தக் கூடத்துக் காவலாளி. பத்தொன்பது வருஷமா அந்த மூலையில உக்காந்திருக்கேன். இன்னிக்குத் திங்கக்கிழமை, மியூசியம் லீவு. சாவி என்கிட்ட இருக்கறதால நானும் வர வேண்டியதாப்போச்சு.

ரெஜீன்: நான் ரெஜீன். பார்வையில்லாதவங்க சங்கத்துலேர்ந்து வர்றேன்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்க. நாங்க சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க எழுதினது காதுல மாட்டற கருவியில ஏறும். அதுவும் சொன்னாங்களா?

ஆன்செல்ம்: சொன்னாங்க. கையெழுத்துப் போடலைன்னா என்னோட வேலை வெள்ளிக்கிழமையோட முடியுது. அதையும் சொன்னாங்க.

ரெஜீன்: என்னை மிரட்டறீங்களா?

ஆன்செல்ம்: இல்ல மதாம். விவரம் சொல்றேன்.

ரெஜீன்: சரி, மாட்டுக்கு வாங்க. வெயிலா, மழையா?

ஆன்செல்ம்: ...குறிப்பிடல.

ரெஜீன்: மாடு நிக்குது. மேல வானம் இல்லையா?

ஆன்செல்ம்: இருக்கு. சொல்லப்போனா படத்துல அறுபத்திரண்டு சதவீதம் வானம்தான். அளந்து பார்த்தேன்.

ரெஜீன்: அறுபத்திரண்டு சதவீதம் இருக்கற ஒண்ணைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல நீங்க.

ஆன்செல்ம்: அதுல சேதம் எதுவும் இல்லையே மதாம்.

ரெஜீன்: ...மதாம் பெர்னாதெத், நீங்க சொல்லுங்க. வானம் எப்படி இருக்கு?

பெர்னாதெத்: நானா? நான் காவலுக்கு வந்தவ...

ரெஜீன்: பத்தொன்பது வருஷம் பார்த்திருக்கீங்க.

பெர்னாதெத்: மழை இப்பத்தான் விட்டிருக்கு. விட்டுச்சா, இல்ல மூச்சு வாங்குதான்னு தெரியாத மாதிரி. புல்லு முழுக்கத் தண்ணி நிக்குது. வானம் அதுல விழுந்து மாட்டுக் காலுக்கடியில கிடக்கு. முன்னால நிக்கிற மாடு, வீட்டுக்குப் போலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு நிக்குது. எங்க நாத்தனார் முகம்.

ரெஜீன்: தெரியுது.

ஆன்செல்ம்: நாத்தனாரைத் தெரியுமா?

ரெஜீன்: மாடு தெரியுதுய்யா.

ஆன்செல்ம்: ஆனா நாத்தனார்னு நான் எழுத முடியாதே.

பெர்னாதெத்: ஏன் முடியாது? நாத்தனார் இல்லாத ஊரு எது?

ரெஜீன்: எழுதுங்க முசியே. அடுத்தது?

ஆன்செல்ம்: எண் முப்பத்திநாலு. ‘ஹெரிங் மீன்களும் வெங்காயமும்’, ஆயிரத்து எண்ணூத்து எண்பத்திநாலு. “மேசை ஒன்று. மரம். அதன்மீது மீன்கள் நான்கு, இறந்த நிலையில். இறப்புக்கான காரணம் தெரியவில்லை.”

ரெஜீன்: மறுபடி படிங்க.

ஆன்செல்ம்: எந்த வரி?

ரெஜீன்: கடைசி வரி.

ஆன்செல்ம்: “இறப்புக்கான காரணம்...”

பெர்னாதெத்: எடுத்துருங்கன்னு நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

ஆன்செல்ம்: தெரியாததைத் தெரியலைன்னு எழுதணும். எங்க தொழில்ல அதுதான் அரிச்சுவடி. மதாம்... நீங்க சிரிக்கிறீங்க.

ரெஜீன்: இல்ல.

ஆன்செல்ம்: தோள் குலுங்குது.

ரெஜீன்: ஆமா, சிரிக்கிறேன். மன்னிச்சுக்குங்க. காலையில எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறி வந்ததுக்கு இதுவே போதும். மீன் வாசனை வருமா முசியே, படத்துல?

ஆன்செல்ம்: படத்துலயா? அது துணியும் எண்ணெயும்...

பெர்னாதெத்: வரும். மத்தியானம் பசியோட உக்காந்திருந்தா நல்லாவே வரும். கிட்டப் போனீங்கன்னா மீனே கிடையாது. ஓவியர் சாயத்தைக் கத்தியால எடுத்து அப்பி வச்சிருக்காரு, ரொட்டியில வெண்ணெய் தடவற மாதிரி. நாலு அடி பின்னால வந்தா ஈரம். தோல் மினுங்குது. இதைப் பாரீசுக்குக் கண்காட்சிக்கு அனுப்பி, இன்னும் முடிக்காத படத்தை ஏன்யா அனுப்பினேன்னு திருப்பி விட்டுட்டாங்களாம். அந்த மனுஷன் அதே பெட்டியில அதே கயித்தைக் கட்டி மறுவருஷமும் அனுப்பினாரு.

ரெஜீன்: எடுத்தாங்களா?

பெர்னாதெத்: எங்க? அதான் நம்ம ஊர்ல இருக்கு. ஓரத்துல ஒரு வெங்காயம் முளைவிட்டிருக்கு. யாருக்கும் அவசரமில்லாத வீடு போல.

ரெஜீன்: முசியே, எழுதறீங்களா?

ஆன்செல்ம்: “அவசரமில்லாத வீடு”... எழுதிட்டேன். இறப்புக்கான காரணத்தை அடிச்சிடறேன்.

ரெஜீன்: வேணாம். அது இருக்கட்டும்.

பெர்னாதெத்: மதாம், நெசமாவா?

ரெஜீன்: எங்க சங்கத்துல முப்பத்தெட்டுப் பேர். மியூசியத்துக்குப் போனா எல்லாரும் எங்ககிட்ட செத்த வீட்டுல பேசற மாதிரியே பேசுவாங்க. ஒரு தடவையாவது சிரிச்சுட்டுப் போகட்டும். அடுத்தது.

ஆன்செல்ம்: எண் முப்பத்தேழு. ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தி மூணாம் வருஷம். “அறை ஒன்று. அறை நடுவே துத்தநாகத் தொட்டி. குறுக்களவு ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர். தொட்டிக்குள் பெண்மணி ஒருவர். அவரது உடைமைகள் வலப்பக்க நாற்காலியில் பத்திரமாக உள்ளன.”

ரெஜீன்: அப்புறம்?

ஆன்செல்ம்: அவ்வளவுதான்.

ரெஜீன்: அந்தப் பெண்மணி உடுத்தியிருக்காங்களா இல்லையா?

ஆன்செல்ம்: உடைமைகள் நாற்காலியில இருக்குன்னு சொல்லிட்டேனே மதாம்.

பெர்னாதெத்: இந்தப் படத்தை எழுதறப்ப மூணு நாள் அதுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்தாரு.

ஆன்செல்ம்: தொட்டி அளவு சரியாத்தான் இருக்கு.

பெர்னாதெத்: அந்தம்மாவும் இவருக்கு முதுகைத்தான் காட்டிட்டு உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் மூணு நாள் முதுகோட முதுகு...

ஆன்செல்ம்: பெர்னாதெத், போதும்.

ரெஜீன்: குளிக்கிறாளா, குளிச்சு முடிச்சிட்டாளா?

பெர்னாதெத்: முடிச்சிட்டா. எந்திரிக்க மனசு வரல. தண்ணி ஆறிப்போச்சு, ஆனா வெளிய அதைவிடக் குளிரு. கழுத்துக்குக் கீழ எலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாம். அழகாத் தெரியணும்னு அவ உக்காரல. யாரும் பார்க்கலைன்னு உக்காந்திருக்கா.

ரெஜீன்: ...நல்லாயிருக்கு.

ஆன்செல்ம்: கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. “யாரும் பார்க்கவில்லை”... அதுக்கு அப்புறம்?

பெர்னாதெத்: அதுக்கு அப்புறம் மணி பன்னண்டு. எதிர்த்த கடையில இன்னிக்குச் சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும். மதாமைக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வச்சு, அப்படியே மூணு மணி பஸ்ஸுல ஏத்தி விட்டுடலாம். இதுவரைக்கும் கேட்டதே போதும். இல்லையா மதாம்?

ரெஜீன்: இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கே. எண் நாப்பத்தொண்ணு.

ஆன்செல்ம்: எண்ணெல்லாம் தெரியுமா மதாமுக்கு?

ரெஜீன்: இந்த ஊர்ல பொறந்தவளுக்குச் சலவைக்காரிங்க படம் தெரியாமப் போகுமா? முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் எனக்குப் பார்வை இருந்துச்சு. கண்ணு போனதும் அக்கா வீட்டோட லீல் நகரத்துக்குப் போயிட்டேன்.

பெர்னாதெத்: அப்பப் படத்தை நீங்களே பார்த்திருக்கீங்க. விவரணை எதுக்கு? நேரே கையெழுத்து.

ரெஜீன்: பார்க்காதவங்களும் எங்க சங்கத்துல இருக்காங்க. படிங்க முசியே.

ஆன்செல்ம்: இதுக்கு மட்டும் அஞ்சு வாரம் எடுத்துக்கிட்டேன். பெர்னாதெத் சொல்லிக் கொடுத்தது எதுவும் இதுல கிடையாது. சரியில்லைன்னா அது என் தப்பு. “கால்வாய்க் கரையில் சலவைப் பெண்கள், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு. பெரிய படம். ஆறடி மனிதர் ஒருவர் கைகளை விரித்துப் படுத்தால் மறையும் அளவு.”

பெர்னாதெத்: படுத்துப் பார்த்தாரு. நான் சாட்சி.

ஆன்செல்ம்: “பெண்கள் எழுவர் கரையோரம் மண்டியிட்டுள்ளனர். ஒவ்வொருவர் முழங்காலுக்கடியிலும் வைக்கோல் போட்ட மரப்பெட்டி. கால்வாய்த் தண்ணீர் மேற்கே சாம்பல், கிழக்கே சோப்பு நுரை. எதிர்க்கரையில் நூற்பாலைப் புகைபோக்கி. அதன் புகையும் இவர்கள் துணியிலிருந்து எழும் ஆவியும் நடுவானில் கலந்துவிடுவதால், எது எதிலிருந்து வந்தது என்று பொறுப்பு நிர்ணயிக்க இயலாது.”

ரெஜீன்: ...முசியே.

ஆன்செல்ம்: சரியில்லையா?

ரெஜீன்: ரொம்ப நல்லாயிருக்கு. மேல போங்க.

ஆன்செல்ம்: “ஆறு பேர் குனிந்திருக்கிறார்கள். நாலாவது பெண் மட்டும் வேலையை நிறுத்தித் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள். கூப்பிட்டதால் திரும்பியவள் போல. யார் கூப்பிட்டது என்பது படத்தில் இல்லை. கைகள் முழங்கை வரை சிவந்திருக்கின்றன. முகம் அகலமானது. வலது கன்னத்தில்...”

பெர்னாதெத்: அந்த வரியை எடுத்துடலாம்னு பேசினோம்.

ஆன்செல்ம்: நீங்க பேசினீங்க. நான் ஒத்துக்கல.

பெர்னாதெத்: மதாமுக்குப் பசிக்குது.

ரெஜீன்: மதாமுக்குப் பசிக்கல. வலது கன்னத்துல என்ன?

ஆன்செல்ம்: மச்சம்.

ரெஜீன்: ...இருக்கா?

ஆன்செல்ம்: இருக்கு மதாம். அதனாலதானே இந்தப் படத்துக்கே ஊர்ல மச்சக்காரின்னு பேரு.

ரெஜீன்: தெரியும். இருக்கான்னுதான் கேட்டேன். இப்ப இருக்கா?

ஆன்செல்ம்: இங்கேர்ந்தே தெரியுது.

பெர்னாதெத்: மச்சம் எங்க போகப் போகுது? சாமானிய மச்சமா அது? ரொட்டிக் கடையில மச்சக்காரி கேக்குன்னு விக்கிறான், மேல ஒத்தை உலர்ந்த திராட்சையை வச்சு. எங்க மியூசியம் கடையில கோப்பை, குடை, சமையல் கையுறை எல்லாத்துலயும் அவதான். ஒரு பேராசிரியர் வந்து அந்த மச்சத்தைப் பத்தி மட்டும் பதினாலு பக்கம் எழுதினாரு. அவ ஓவியரோட ரகசியக் காதலியாம். மத்த ஆறு பேருக்கும் வைக்காத மச்சத்தை அவளுக்கு மட்டும் வச்சிருக்காரு பாருங்கன்னு. அந்த இடத்துல மட்டும் ஓவியரோட கை ஆசையில நடுங்கியிருக்காம்.

ஆன்செல்ம்: நடுங்கியிருக்குங்கறது சரி. ஓவியர் கைங்கறது தப்பு.

பெர்னாதெத்: ஆரம்பிச்சிட்டாரு.

ரெஜீன்: என்ன எழுதியிருக்கீங்க முசியே? அந்த வரியை முழுசாப் படிங்க.

ஆன்செல்ம்: “வலது கன்னத்தில், உதட்டோரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே, கரும்புள்ளி ஒன்று. இது படத்தின் பகுதி அல்ல. பிற்காலத்தில் நேர்ந்த சேதம்.”

பெர்னாதெத்: அவருக்கு எதைப் பார்த்தாலும் சேதம். போன வாரம் என் புது சைக்கிளைப் பார்த்துட்டு, முன்னாடி யார் இடிச்சதுன்னு கேட்டாரு.

ஆன்செல்ம்: இடிச்சிருக்கு. கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான்.

ரெஜீன்: எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

ஆன்செல்ம்: முன்சக்கரம் லேசா...

ரெஜீன்: மச்சத்தை.

ஆன்செல்ம்: ஓ. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். எண்ணெய்ச் சாயம் நூறு வருஷத்துல காய்ஞ்சு வெடிக்கும், வத்தின குளத்து மண்ணு மாதிரி. அந்தப் பொண்ணு முகம் முழுக்க மெல்லிசா வெடிப்பு. மச்சத்தை ஓவியரே வச்சிருந்தா அதுவும் கூடவே வெடிச்சிருக்கணும். அது வெடிக்கல மதாம். வெடிப்புக்கு மேல உக்காந்திருக்கு. பழைய கீறலைப் பூசி மறைச்சிட்டு இன்சூரன்ஸ் கேட்டு வர்ற ஆளுங்களை நான் இருபத்தாறு வருஷம் பார்த்திருக்கேன். அது மட்டும் இல்ல. கீழ்மாடி அலமாரியில முப்பத்தொண்ணாம் வருஷத்து போட்டோ ஒண்ணு இருக்கு. அதுல மச்சமே கிடையாது.

பெர்னாதெத்: அந்தக் காலத்து கேமராவுல எதுதான் தெரிஞ்சுது?

ஆன்செல்ம்: சோப்பு நுரை தெரியுது. ஆறாவது பொம்பளையோட தோடு தெரியுது. எதால வச்சாங்கங்கறது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. மத்தபடி சந்தேகமே கிடையாது.

பெர்னாதெத்: சரி, நீங்க சொல்றதே நெசம்னு வைங்க. என்ன ஆகும்? டைரக்டர் மேலிடத்துக்கு எழுதுவாரு. படத்தைப் பெட்டியில போட்டு ஆறு மாசத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க. கூடத்தைப் பூட்டுவாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. கீழ நிலவறைக்கு மாத்தி, உடைஞ்ச ஜாடிக்குக் காவல் வைப்பாங்க. பேராசிரியர் வீட்டை விட்டு வெளிய வர மாட்டாரு. இதுல யாருக்கு என்ன லாபம்?

ஆன்செல்ம்: லாபம் யாருக்கும் இல்ல.

பெர்னாதெத்: அப்ப விட்டுடுங்க. மச்சம்னு மட்டும் எழுதுங்க. யார் வச்சா என்ன?

ஆன்செல்ம்: கோப்பையில இருக்கறதைப் பத்தி நான் பேசல பெர்னாதெத். பேராசிரியர் பதினாலு பக்கம் எழுதட்டும், நாப்பது பக்கம் எழுதட்டும். கண்ணு இருக்கறவங்க நேர்ல வந்து பார்த்து, இல்லய்யான்னு சொல்லிக்கலாம். இவங்களால முடியாது. இவங்களுக்கு நான் சொல்ற வார்த்தைதான் படம். வேற படம் கிடையாது. எனக்குத் தெரிஞ்சே அதுல ஒரு பொய்யை வைக்க மாட்டேன். வேலை போனாப் போகட்டும்.

பெர்னாதெத்: மதாம்? தண்ணி கொண்டு வரட்டுமா?

ரெஜீன்: வேணாம். முசியே ஆன்செல்ம், அந்தச் சேதம் நான்தான்.

ஆன்செல்ம்: புரியல.

ரெஜீன்: எழுபத்திரண்டாம் வருஷம். எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்தாங்க. டீச்சர் இந்தப் படத்து முன்னால நிறுத்தி, பாருங்க பிள்ளைங்களா, அந்தக் காலத்துல ஏழைங்க எப்படிக் கஷ்டப்பட்டிருக்காங்கன்னாங்க. அந்தக் காலமாம். எங்கம்மா அன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்குத்தான் ஆஸ்பத்திரி சலவைக்குப் போயிருந்தா.

பெர்னாதெத்: கடவுளே.

ரெஜீன்: நிமிர்ந்து பார்த்தா... நாலாவது பொம்பளை எங்கம்மா. அதே அகல முகம், அதே கை. நான் சமையலறையில போய்க் கூப்பிட்டா அப்படித்தான் திரும்புவா, என்னடி இப்பங்கற மாதிரி. மச்சம் ஒண்ணுதான் இல்ல. ஓவியர் மறந்துட்டாருன்னு நினைச்சேன். என்கிட்ட ஒரு பேனா இருந்துச்சு. எல்லாரும் அடுத்த கூடத்துக்குப் போனதும், கீழ இருந்த பெஞ்சு மேல ஏறி வச்சுட்டேன்.

ஆன்செல்ம்: காவலாளி?

ரெஜீன்: தூங்கிட்டிருந்தாரு.

பெர்னாதெத்: முசியே கஸ்தான். எனக்கு முன்னாடி இருந்தவர். அந்த நாற்காலியில இன்னும் அவரோட தலைக் குழி இருக்கு.

ஆன்செல்ம்: வீட்டுல சொன்னீங்களா?

ரெஜீன்: மாசத்துல முதல் ஞாயிறு மியூசியம் இலவசம். அம்மாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் விட்டா பாருங்க ஓர் அறை, இந்தக் காது இன்னிக்கும் மழைக்கு முன்னாடி வலிக்கும். தெருவெல்லாம் திட்டிக்கிட்டே வந்தா. அடுத்த மாசம் முதல் ஞாயிறு காலையில பார்த்தா, உதட்டுச் சாயம் பூசிட்டு, நல்ல கோட்டை மாட்டிட்டு, எங்கேயோ கிளம்பறா. இங்கதான் வந்தா. அன்னிலேர்ந்து ஒரு மாசம் தவறினதில்ல.

ஆன்செல்ம்: பேராசிரியர் எழுதினது தெரியுமா அவங்களுக்கு?

ரெஜீன்: வாங்கிப் படிச்சா. பதினாலு பக்கமும். படிச்சு முடிச்சிட்டு அப்பாகிட்ட போய், பார்த்துக்கோ, அந்த ஓவியனுக்கு என் மேல எவ்வளவு ஆசைன்னு சொன்னா.

பெர்னாதெத்: அப்பா என்ன சொன்னாரு?

ரெஜீன்: சூப் ஆறுதுன்னாரு. ஒன்பது வருஷம் ஆச்சு அம்மா போயி. சாகறதுக்கு முந்தின மாசம்கூட வந்தான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான் லீல்ல இருந்தேன். அப்புறம்... கண்ணு இல்லாம முகத்தை ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம் முசியே. குரல் இருக்கு, வாசனை இருக்கு. முகம் மட்டும் கொஞ்சங்கொஞ்சமா கழண்டு போகுது. சங்கத்துல, அந்த ஊரு மியூசியத்துக்கு யார் போறீங்கன்னு கேட்டாங்க. கையைத் தூக்கிட்டேன். மாட்டைக் கேக்க வரல நான். மச்சம் இன்னும் இருக்கான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போக வந்தேன்.

ஆன்செல்ம்: இருக்கு மதாம். நல்லாவே இருக்கு.

ரெஜீன்: நீங்க எழுதினபடியே இருக்கட்டும். அதான் நெசம். போலீசுக்குச் சொல்லணும்னாலும் சொல்லுங்க.

பெர்னாதெத்: சொல்லித்தான் பாருங்களேன் ஆன்செல்ம். உங்க முன்சக்கரத்தை நான் பார்த்துக்கறேன்.

ஆன்செல்ம்: நான் எதுக்குப் போலீசுக்குப் போறேன்? எட்டு வயசு. சம்பவம் நடந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. கால வரம்பு தாண்டின கேசு. ஆனா எழுதுவேன். பெர்னாதெத், முறைக்காதீங்க. இது காதுக்கருவியில மட்டும்தான் வரும். டைரக்டர் என் அறிக்கையில மாட்டைத் தாண்டிப் படிச்சதே இல்ல.

ரெஜீன்: கண்ணு இருக்கறவங்க யாராவது கருவியை வாங்கிக் கேட்டா?

பெர்னாதெத்: கேக்க மாட்டாங்க மதாம். எதிர்லயே படம் இருக்கறப்ப அதைப் பார்க்கறதுக்கே அவங்களுக்குப் பொறுமை கிடையாது. மூணு நொடி நிப்பாங்க. கழிப்பறை எங்கன்னு என்னைக் கேப்பாங்க.

ரெஜீன்: அப்ப அவங்க பதினாலு பக்கத்தை நம்பட்டும். நெசம் எங்க முப்பத்தெட்டுப் பேர் காதுல இருக்கட்டும். எழுதினதைச் சொல்லுங்க.

ஆன்செல்ம்: ஒரு நிமிஷம்... “வலது கன்னத்தில் ஒரு மச்சம். ஓவியர் வைக்காதது. எண்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, இவளைத் தன் தாய் என்று அறிந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வைத்தது.” சேதங்கற வார்த்தையை எடுத்துட்டேன்.

ரெஜீன்: ...எங்க கையெழுத்துப் போடணும்?

ஆன்செல்ம்: என் விரலைப் பிடிங்க. இங்க. மெதுவா... வந்தாச்சு. நன்றி மதாம். ஒரே ஒரு கட்டம் நிரப்பணும், என்னோட திருப்திக்கு. எங்க படிவத்துல ‘கருவி’ன்னு ஒண்ணு உண்டு. பேனான்னு சொன்னீங்க. என்ன மாதிரிப் பேனா?

ரெஜீன்: சாதாரணப் பந்துமுனைப் பேனா. நீல மை.

ஆன்செல்ம்: நீலமா?

ரெஜீன்: கறுப்பு தீர்ந்துபோயிருந்துச்சு. அதுக்கும் சேர்த்துத்தான் அம்மா திட்டினா, எனக்கென்ன நீல மச்சமான்னு.

ஆன்செல்ம்: மதாம், அங்க இருக்கறது நீலம் இல்ல. கரும்பழுப்பு. அது மையும் இல்ல. மெழுகு மாதிரி, கொழுப்பு மாதிரி ஒண்ணு. அதான் எனக்குப் பிடிபடாமலே இருந்துச்சு. அம்பது வருஷத்துப் பழசாவும் தெரியல...

ரெஜீன்: என்ன சத்தம் அது?

ஆன்செல்ம்: பெர்னாதெத் சாவிக்கொத்தைக் கீழ போட்டுட்டாங்க. பெர்னாதெத்... இந்தக் கூடத்துச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு?

பெர்னாதெத்: பதிமூணு வருஷம் முன்னாடி படத்தைத் துடைக்கறதுக்குன்னு ஒரு பொண்ணு வந்தா. பஞ்சுல எச்சில் தொட்டு ஒரே துடைப்பு. அழுக்கு நீக்கப்பட்டதுன்னு எழுதி வச்சிட்டு ரயில் ஏறிப் போயிட்டா, அந்தக் காகிதத்தை எவனும் பிரிச்சுக்கூடப் பார்க்கல. மறுநாள் முதல் ஞாயிறு. மாசாமாசம் உதட்டுச் சாயத்தோட வர்ற அந்தம்மா வந்தாங்க. அவங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாது, ஒரு வார்த்தை பேசினது கிடையாது. படத்து முன்னால ஒரு மணி நேரம் நின்னுட்டு, என் நாற்காலிகிட்ட வந்து, ‘என்னைக் காணோமேம்மா’ன்னு கேட்டாங்க. சாப்பிட்டுட்டு வாங்க, இங்கதான் இருப்பீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்... கைப்பையில அப்ப என்கிட்ட புருவம் தீட்டற பென்சில்தான் மதாம் இருந்துச்சு.